எடை பழகியவர்

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணா,

வந்து சேர்ந்துவிட்டேன். சுகம்தான், ரயிலில் மடங்கி உட்கார்ந்த இடுப்பு மட்டும் இன்னும் என்மேல் கோபமாக இருக்கிறது. நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முதுகுவலிக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்கிறாயா, இல்லை, செய்துவிட்டதாக அண்ணியிடம் கதை விடுகிறாயா?

இனி கடிதம்தான். போனை இந்தப் பயிற்சி மையத்தின் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். போன் அலைகள் பட்டால் விருந்தாளிகளுக்கு உடம்பெல்லாம் ஆணி அடிப்பது போல வலிக்குமாம். ஆமாம், இங்கே எல்லோரும் அவர்களை விருந்தாளிகள் என்றுதான் சொல்கிறார்கள். வானத்திலிருந்து வந்தவர்கள் என்று செய்தியில் நீ பார்த்த அதே ஆட்கள். அவர்கள் ஊரில் எதற்கும் எடை கிடையாது. எதுவும் கீழே விழாது. அதனால் நம் மண்ணில் நிற்கவே தெரியவில்லை. பக்கவாதம் வந்தவர்களை நடக்க வைத்த அனுபவம் எனக்கு இருப்பதால் ஒருவரை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள்.

அறைக்குள் போனேன். பெரிய தண்ணீர்த் தொட்டி. அதற்குள் பிரித்துப்போட்ட நூல் கண்டு மாதிரி ஏதோ மிதந்தது. சாம்பலும் பச்சையுமாக ஆயிரக்கணக்கான இழைகள். மெத்தையோ என்று நினைத்தேன் அண்ணா. அது பேசியது. இழையோடு இழை உரசி வரும் குரல். வயலினை மெதுவாக இழுத்தது போல.

"வாங்க. அந்தப் பையைக் கீழ வெச்சா அது வெச்ச இடத்துலயே இருக்குமா?"

"இருக்கும்."

"வெச்சுக் காட்டுங்களேன்."

வைத்தேன்.

"இருக்குது," என்றார். கோயில் கோபுரத்தை முதல்முறை பார்க்கிற குழந்தையின் குரல் எப்படி இருக்கும், அப்படி. இத்தனை வருடமாக ஆயிரம் தடவை பையைக் கீழே வைத்திருக்கிறேன். ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை

•

பிப்ரவரி 20

அடியே வாலு,

நலம். நீ நலமாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம் மட்டுமல்ல, உத்தரவு.

நூலால் ஆன உடம்பு என்று எழுதியிருக்கிறாய். முப்பது வருடமாகத் தையல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கே நூல் ஒழுங்காக ஒத்துழைப்பதில்லை. அது எழுந்து நின்று பேசினால் நான் கடையைப் பூட்டிவிட்டு ஓடியிருப்பேன். ஜாக்கிரதையாக இரு. கையுறை போட்டுக்கொள். வலை போலச் சுற்றிக்கொண்டால் என்ன செய்வாய்?

இன்னொரு விஷயம். நம் வாடிக்கையாளர் ஒருவரின் தம்பி, பல் டாக்டர். மனைவி இல்லை. உன்னைப் பற்றிச் சொன்னேன். உனக்கும் நாற்பது நெருங்குகிறது. மூச்சு விடாமல் வேண்டாம் என்று எழுதாதே. யோசித்துவிட்டு வேண்டாம் என்று எழுது.

அன்புடன் அண்ணன்

பி.கு: அண்ணி எழுதுகிறேன். அந்த விருந்தாளி ஆணா பெண்ணா? சாப்பிடுவாரா? இவர் முதுகுப் பயிற்சி செய்யவே இல்லை.

•

மார்ச் 11

அன்புள்ள அண்ணா, அண்ணி,

உடம்பு நன்றாக இருக்கிறது. மனசும்.

அண்ணி கேட்டதற்கு முதலில் பதில். அவர்களிடம் ஆண் பெண் என்ற பிரிவே இல்லை. நல்ல வேளை, நம் மொழியில் "அவர்" இருக்கிறது. இங்கே வேறு மொழிக்காரர்கள் அவரை எப்படிக் குறிப்பிடுவது என்று கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். நான் முதல் நாளே "அவர்" என்றேன், வேலை முடிந்தது. சாப்பாடு வெயில். ஜன்னல் ஓரம் படர்ந்து கிடப்பார்; அவ்வளவுதான்.

இன்று அவர் நின்றார்.

பல வாரங்களாகத் தொட்டியில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். எடை ஏற ஏற, இழைகள் தாங்களாகவே ஒன்றோடு ஒன்று முறுக்கிக்கொண்டன. நூல் கயிறாகிற மாதிரி. இரண்டு கால், இரண்டு கை. நம்மைப் பார்த்து வைத்துக்கொண்ட அளவு. "நாலு காலா வெச்சா சுலபம்" என்று சொன்னேன். "உங்க மாதிரியே நிக்கணும்" என்றார்.

இருபக்கமும் கம்பி போட்ட நடைமேடையில் நிறுத்தினேன். இடுப்பு என்று சொல்லக்கூடிய இடத்தில் என் கை. முதலில் உடம்பு முழுவதும் நடுங்கியது. அப்புறம் ஒரு நொடி, கம்பியிலிருந்து கையை எடுத்தார். கதவு நிலை உயரம். நின்றார்.

"கீழேயிருந்து யாரோ என்னைப் பிடிச்சிருக்காங்க" என்றார்.

"யாருமில்லைங்க. தரைதான்."

"இது உங்களையும் பிடிச்சிருக்கா?"

"எல்லாரையும்."

"தூங்கும்போது?"

"அப்பவும் விடாது."

அவர் அழுதாரா, அழத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் என் கை பட்டிருந்த இடத்தில் இருந்த இழைகள் எல்லாம், காற்றில் புல் சாய்வது போல, என் கையை நோக்கிச் சாய்ந்தன. நான் கையுறை போட்டிருக்கவில்லை அண்ணா. போட்டால் அவருக்கு என் கையின் சூடு தெரியாது. சூடு தெரியாவிட்டால் எந்தப் பக்கம் சாய்வதென்று தெரியாது. மருத்துவக் காரணம்தான்.

அவர் நிறைய கேட்கிறார். தும்மல் என்றால் என்ன, ஏன் கதவைத் தட்டுகிறோம், நான் ஏன் படியேறும்போது பாடுகிறேன். நான் பாடுவது எனக்கே தெரியாது.

பல் டாக்டரைப் பற்றி யோசித்தேன். வேண்டாம்.

உங்கள் தங்கை

•

ஏப்ரல் 2

அன்பான நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. இது தனிக் கடிதம். உன் அண்ணன் பட்டன் வாங்கப் போயிருக்கிறார்.

நீ அனுப்பிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பல் டாக்டருக்கு ஒரு வரி. மிச்சமெல்லாம் அவர். உன் அண்ணன் அதைப் படித்துவிட்டு, "பாரு, என் தங்கச்சி வேலையில எவ்வளவு கெட்டி!" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடிக்கிறார். ஆம்பளைங்களுக்கு எழுத்து மட்டும்தான் தெரியும்.

நான் எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் உன் அண்ணன் என் ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கும்போது மூன்று முறை டேப்பைக் கீழே போட்டார். அவரும் அப்போது "டேப் புதுசு" என்று காரணம் சொன்னார்.

உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பிடு. வெயிலைச் சாப்பிட்டு உனக்கு வயிறு நிறையாது.

அண்ணி

•

ஏப்ரல் 25

அன்புள்ள அண்ணி,

நலம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் காது சூடாகி, போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். இதை அண்ணாவிடம் காட்ட வேண்டாம்.

நேற்று மழை. அவர் இதற்கு முன் மழை பார்த்ததில்லை. கைத்தடி வைத்து நடக்கப் பழகிவிட்டார். தாழ்வாரம் வரை கூட்டிப் போனேன். கொட்டுகிறது. முன்னால் காரை நிறுத்தும் இடமெல்லாம் தண்ணீர். சமையல்கார அக்கா காயப்போட்ட துணியை அள்ளிக்கொண்டு திட்டிக்கொண்டே ஓடுகிறார்.

"இவ்வளவு தண்ணியையும் யாரு கீழ கூப்பிட்டாங்க?"

"யாரும் கூப்பிடல. எடை இருக்கறதால விழுது."

"ஒரு சொட்டுகூட மேலயே நிக்கலயே. எல்லாம் சம்மதிச்சு வருது."

இருபது வருடமாக இந்த எடையோடுதான் அண்ணி எனக்குச் சண்டை. கால் தூக்க முடியாதவர்கள், கழுத்து நிற்காத குழந்தைகள். எனக்கு எடை என்றால் எதிரி. அவர் அதை ஏதோ வரம் போலப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவர் பக்கத்தில் நின்று நானும் பார்த்தேன். மழை அவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

பிறகு கேட்டார்: "உங்க எடை எவ்வளவுன்னு நான் தெரிஞ்சுக்கலாமா?"

நான் ஒரு எண்ணைச் சொன்னேன் (கொஞ்சம் குறைத்துத்தான்). "அப்படி இல்ல" என்றார். கையை நீட்டினார்.

இதற்கு மேல் எழுத வரவில்லை. அண்ணாவின் முதுகு எப்படி இருக்கிறது?

உங்கள் நாத்தனார்

•

ஜூன் 14

வாலு,

நாங்கள் இருக்கிறோம். நீ இருக்கிறாயா?

எனக்குக் கடிதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. தபால்காரர் என்னைப் பார்த்தாலே எதிர்ப்பக்கம் போகிறார். உடம்பு சரியில்லையா? வேலையில் ஏதாவது தகராறா? பல் டாக்டருக்கு வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டது. அதைப் பற்றி இனி பேசமாட்டேன், அதற்காகவாவது எழுது. உன் அண்ணி எதுவோ தெரிந்தும் தெரியாதது மாதிரி அடுப்படியில் பாத்திரத்தை உருட்டுகிறாள்.

இரண்டே வரி எழுது. போதும்.

அண்ணன்

•

ஜூன் 30

அன்புள்ள அண்ணா,

நலமாக இருக்கிறேன். எழுதாததற்கு மன்னித்துக்கொள். வேலை அதிகம்.

செப்டம்பரில் அவர்கள் வந்த விண்கப்பல் ஊர் திரும்புகிறது. மே மாதம் எடுத்த பரிசோதனையில் ஒன்று தெரியவந்தது. எடையில் நிற்க நிற்க அவருடைய முறுக்கு இறுகிக்கொண்டே போகிறது. ஓர் அளவைத் தாண்டினால் பிரியாது. பிரியாத உடம்போடு அவர் தன் ஊருக்குப் போனால் உயிர் வாழ முடியாது. அங்கே பரந்துதான் இருக்க வேண்டும். மற்றவர்களில் யாரும் இவ்வளவு நன்றாக நடக்கவில்லை. அதனால் அவர்களுக்கு ஆபத்து இல்லை.

நான் என் வேலையைக் கொஞ்சம் அதிகமாகவே நன்றாகச் செய்துவிட்டேன்.

இப்போது பயிற்சியை நிறுத்திவிட்டேன். மறுபடி தண்ணீரில் வைத்து, முறுக்கை ஒவ்வொரு இழையாகத் தளர்த்துகிறோம். நன்றாகப் போகிறது. கப்பல் கிளம்புவதற்குள் சரியாகிவிடுவார்.

மழை இல்லை. வெயில் பரவாயில்லை.

தங்கை

•

ஜூலை 9

நாத்தனாருக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். உன் கடிதம் ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி இருந்தது.

உன் அண்ணன் அதைப் படித்துவிட்டு "நல்லவேளை, சரியாகிடுமாம்" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரே கேள்வி. அவரை அனுப்பி வைக்க நீ முடிவெடுத்தாய், சரி. அவர்கிட்ட கேட்டியா?

அண்ணி

•

ஆகஸ்ட் 5

அன்புள்ள அண்ணா, அண்ணி,

இருவரும் சேர்ந்தே படியுங்கள். அண்ணா, உட்கார்ந்து படி.

அண்ணியின் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு பல நாள் சுற்றினேன். கடைசியில் ஒரு மதியம், உதவியாளர்கள் சாப்பிடப் போயிருந்த நேரம், தொட்டிப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். அவர் பாதிக்கு மேல் பிரிந்து மிதந்துகொண்டிருந்தார். முதல் நாள் பார்த்தது போல. கை எது கால் எது என்று தெரியவில்லை. குரலும் கலைந்து பல பக்கத்திலிருந்து வந்தது.

"நீங்க ஏன் பயிற்சியை நிறுத்துனீங்க?" அவரே முந்திக்கொண்டார்.

"சொன்னேனே. இல்லேன்னா நீங்க ஊருக்குத் திரும்ப முடியாது."

"திரும்பணும்னு நான் சொன்னேனா?"

"வீட்டுக்குப் போக வேண்டாமா உங்களுக்கு?"

அவர் சொன்னார்: "நின்னுக்கிட்டே இருந்தா முறுக்கு ஒருநாள் பிரியாம போயிடும்னு எனக்கு முதல்ல நின்ன அன்னைக்கே தெரியும். எங்க உடம்பு எங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா தினமும் நின்னீங்க?"

"நீ நிக்கச் சொன்னியே."

அண்ணா, அதுவரை அவர் என்னை "நீங்க" என்றுதான் சொல்லியிருக்கிறார். புத்தகம் பார்த்துப் பழகிய மரியாதை. அந்த ஒற்றைச் சொல்லை எங்கே கற்றார், எப்போது மாற்றிக்கொள்ள வேண்டும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள், தெரியாது.

நான் அழுதுகொண்டே கேட்டேன். அதாவது, கேட்டேவிட்டேன். "இருந்துடறீங்களா?"

தண்ணீர் ஆடியது. கலைந்து கிடந்த இழைகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பின. ஓர் ஊரே கூடி ஒரு தேரைப் பிடித்தால் எப்படி இருக்கும், அப்படி அத்தனையும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு முறுக்கின. என் கண் முன்னால் ஒரு கால் உருவானது. இன்னொன்று. விளிம்பைப் பிடித்துத் தொட்டியைத் தாண்டினார். "கம்பியைப் பிடிங்க, கம்பியைப் பிடிங்க" என்று வேலைப் பழக்கத்தில் கத்துகிறேன். அவர் பிடிக்கவில்லை. ஈரம் சொட்டச் சொட்ட நடந்து வந்தார்.

"இதுவரைக்கும் என் எடையைத் தரைமேல மட்டும்தான் வெச்சேன்" என்று சொல்லி, என் தோளில் சாய்ந்தார்.

எத்தனையோ நோயாளிகளைத் தாங்கியிருக்கிறேன். தாங்குவது எனக்குப் புதிதில்லை. ஆனால் அவர் சாய்ந்தபோது என் நாடி துடிக்கிற வேகத்தில் அந்த உடம்பு முழுவதும், ஆயிரக்கணக்கான இழைகளும், துடித்தன. என் இதயத்தை வெளியே இருந்து பார்த்தேன். அவ்வளவு பெரிதாக அது அடிக்கும் என்று எனக்குத் தெரியாது.

அவர் இருக்கப் போகிறார். நான் அவரோடு. அனுமதி கேட்டு மேலிடத்தில் பேசியாயிற்று. தயங்கித் தயங்கிச் சம்மதித்துவிட்டார்கள். அண்ணா, எனக்கு உன் வார்த்தை வேண்டும். நல்லதோ கெட்டதோ, எழுது.

உன் வாலு

•

அக்டோபர் 6

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். கடிதத்தின் தொடக்கத்தில் உடல்நலம் விசாரிப்பது முறை என்று அறிந்தேன். நான் நலம். தங்கள் முதுகு நலமா?

என்னை இங்கே விருந்தாளி என்று அழைத்தார்கள். திரும்பிப் போகாதவருக்கு அந்தப் பெயர் பொருந்தாது என்று உங்கள் தங்கை சொல்கிறார். வேறு பெயர் இன்னும் கிடைக்கவில்லை. எனவே பெயரில்லாமல் எழுதுகிறேன். எழுத்துகள் கோணலாக இருப்பின் பேனாவும் எடையுள்ளது என்பதே காரணம்.

நீங்கள் இரண்டு மாதமாகப் பதில் எழுதவில்லை. அவர் தினமும் மதியம் வாசலுக்குப் போய்விட்டு வருகிறார். தபால் இல்லை என்று சொல்வதில்லை. படியேறும்போது பாடுவதும் இல்லை. ஆகவே நானே எழுதத் துணிந்தேன்.

போன மாதம் கப்பல் கிளம்பியது. காலை நேரம். அதன் நிழல் நகரத்தின் மேல் நகர்ந்தது, பேருந்துகள் நின்றன, தெருவில் எல்லோரும் தலையை நிமிர்த்தினார்கள். உள்ளே என்னுடையவர்கள் பரந்து கிடந்தபடி என்னை அழைத்தார்கள். எங்கள் அழைப்புக்கு ஓசை கிடையாது. ஆனால் இந்த வளாகத்து ஜன்னல் கண்ணாடிகள் அத்தனையும் மெல்லப் பாடத் தொடங்கின. சமையல்கார அக்கா கையில் இருந்த தட்டுகூடப் பாடியது. அவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டார். உங்கள் தங்கை என் கையைப் பிடித்திருந்தார். "இப்பகூட சரின்னு சொல்லலாம்" என்றார். பிடியைத் தளர்த்தினார். சொன்ன சொல் நடுங்கவில்லை. என்னைப் போக விடுவதற்கும் அவருக்குத் துணிவு இருந்தது. அவ்வளவு பெரிய ஒன்றை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நான் அண்ணாந்து, என்னுடையவர்களுக்கு, நின்று காட்டினேன்.

அவர் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டாத ஒன்றை நான் சொல்ல வேண்டும். மறைத்துவிட்டு உறவு கேட்பது சரியல்ல. எங்கள் ஊரில் பரந்து இருப்பவர்களுக்கு ஆயுள் மிக நீளம். உங்கள் மலைகளைப் போல. முறுக்கிய உடம்பு தேயும். நான் உங்களில் ஒருவர் வாழும் அளவுதான் இனி வாழ்வேன். முடிவு ஒன்று வரும். இதை அறிந்த நாளில் அவர் என்னோடு சண்டை போட்டார். நீங்கள் என்மேல் கோபம் கொள்ள இதுவும் ஒரு காரணம் ஆகலாம். விரைவில் முடிந்துபோகும் ஒருவரை அவர் ஏன் சுமக்க வேண்டும் என்று.

உங்கள் கோபத்தை என்மேல் வையுங்கள். நான் தாங்கப் பழகியிருக்கிறேன். அவருக்கு மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.

தங்கள் அன்பை விரும்பும்,
நான்

•

நவம்பர் 1

மாப்பிள்ளைக்கு,

உங்களுக்கு ஆண் பெண் கிடையாது என்று தெரியும். ஆனால் தங்கையைக் கட்டிக்கொள்கிறவரை அழைக்க எனக்கு வேறு சொல் தெரியாது. பிடிக்கவில்லை என்றால் நேரில் சொல்லுங்கள்.

நாங்கள் நலம். முதுகு அப்படியே இருக்கிறது.

ஆகஸ்டில் வந்த கடிதத்தைப் படித்துவிட்டு நான் யாரோடும் பேசவில்லை. அவள் அண்ணி பேசிப் பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள், உப்பில்லாமல் சமைத்தும் பார்த்தாள். பதில் எழுத உட்காருவேன். எட்டு வயதில் என் தோளில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவள், இப்போது எனக்குத் தெரியாத ஓர் உடம்பைத் தன் தோளில் தாங்குகிறாள் என்று நினைப்பு வரும். எழுந்துவிடுவேன்.

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துத்தான் படித்தேன். படித்து முடித்ததும் மிஷினை விட்டு எழுந்து, தெருவுக்கு வந்து, சும்மா நின்றேன். காய்கறி வண்டிக்காரர் "என்ன சார், மழை வருமான்னு பாக்கறீங்களா?" என்றார். இல்லை. காலுக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்தைந்து வயதில் முதல்முறையாக, தரை என்னைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. கால் கூசியது. கொஞ்ச நேரம் நகரவே மனம் வரவில்லை.

ஆயுள் குறைந்துபோகும் என்று எழுதியிருக்கிறீர்கள். மாப்பிள்ளை, இங்கே எல்லாருக்குமே அவ்வளவுதான். அதற்குள்தான் கல்யாணம் செய்கிறோம், கோபித்துக்கொண்டு மூன்று மாதம் வீணாக்குகிறோம். இனி நீங்களும் எங்களோடு சேர்ந்து அவசரப்பட வேண்டியதுதான்.

வாலுவிடம் சொல்லுங்கள்: அண்ணன் அழுதான் என்று அண்ணி எழுதினால் நம்ப வேண்டாம்.

கடையைப் பூட்டிவிட்டு இருவரும் வருகிறோம். இருபதாம் தேதி காலை ரயில். போனை வாசலில் கொடுத்துவிடுவோம். என்ன பேசுவது என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே வந்ததும் நீங்களே ஏதாவது பேச ஆரம்பித்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் அவளிடம் கேட்டு, ரயில் ஏறுவதற்குள் எனக்கு எழுதுங்கள். உங்களைக் கட்டிப்பிடித்தால் வலிக்குமா?

அன்புடன்,
மச்சான்